கம்பித் தடுப்புக்குக் காசு உண்டு, என் டிரெய்லருக்கு இல்லை

நாங்கள் டெக்சஸில், டாலஸுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறோம். கொரோனா சமயத்தில் ஊர் முழுக்கப் பிடித்த கேம்பிங் பைத்தியம் எங்களையும் பிடித்தது. இரண்டு வருடம் வாடகைக்கு எடுத்துச் சுற்றிவிட்டு, 2023 ஜூன் மாதம் ஒரு வயதான தம்பதியிடமிருந்து பழைய டிராவல் டிரெய்லர் ஒன்றை 18,500 டாலருக்கு வாங்கினோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், டிராவல் டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் இருக்கும், என்ஜின் மட்டும் இருக்காது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் கையிலிருந்து கொடுத்தோம் என்று அப்போது எனக்கு ஒரே பெருமை. கடன் வாங்கியிருந்தால் வங்கிக்காரனே "டிரெய்லருக்குத் தனி இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டு" என்று கழுத்தைப் பிடித்திருப்பான். ரொக்கமாக வாங்கியதால் கேட்க நாதியில்லை.

நான் ஒன்றும் விசாரிக்காமல் விட்டவன் இல்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். வாங்கிய மூன்றாம் நாளே கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டேன். "டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். என் பிக்கப்பில் மாட்டி இழுக்கும்போது என் பாலிசியில் கவர் ஆகுமா?" என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம், உங்கள் பாலிசி டிரெய்லருக்கும் நீளும்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மொத்தம் நாலு நிமிஷம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி அரைகுறை, அவர் தந்த பதிலும் அந்த அளவுக்கு அரைகுறை. அவர் சொன்னது, டிரெய்லர் பிறருக்குச் செய்யும் சேதத்தை. நான் கேட்டது, டிரெய்லருக்கு நேரும் சேதத்தை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு விஷயம் பேசியிருக்கிறோம். எனக்கு அது தெரிய ஒன்பது மாதம் ஆனது.

2024 மார்ச், பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக். ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். நாமக்கல்காரர். மாமனார் இருந்த காலத்தில் இரண்டு லாரி ஓட்டினார்கள், அவர் போன பிறகு கொஞ்ச காலம் அத்தையே கணக்கு வழக்கெல்லாம் பார்த்தார். அவருக்கு நியூ மெக்சிகோவில் இருக்கும் ஒயிட் சாண்ட்ஸைக் காட்ட வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல், ஆனால் வழக்கமான மணல் இல்லை, ஜிப்சம். வழியில் கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து ஒயிட் சாண்ட்ஸுக்குப் பக்கத்து ஊரான அலமொகார்டோ போவதாகத் திட்டம். கிளவுட்கிராஃப்ட் மலை வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அந்த மலையிலிருந்து அலமொகார்டோவுக்கு 16 மைலில் சுமார் 4,300 அடி இறங்க வேண்டும். டிரெய்லரை வைத்துக்கொண்டு அந்த இறக்கம் வேண்டாம் என்று, 62/180 சாலையில் எல் பாசோ போய்ச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். மலைக்குப் பயந்து காற்றிடம் மாட்டினேன். அந்தச் சாலை குவாடலூப் மலையைத் தாண்டிப் போகிறது. டெக்சஸிலேயே உயரமான சிகரம், 8,751 அடி, அங்கேதான் இருக்கிறது. குளிர் முடிந்து வெயில் தொடங்கும் மாதங்களில் அந்தக் கணவாயில் அடிக்கும் காற்று பேர் போனது. வானிலைத் துறையின் எச்சரிக்கை காலையிலேயே போனில் வந்திருந்தது. பார்த்தேன். "மத்தியானத்துக்குள் தாண்டிவிடலாம்" என்று நினைத்தேன்.

கிளம்பும் முன் நடந்த ஒரு பேச்சைச் சொல்லியாக வேண்டும். குகைக்குள் நடந்ததில் அத்தைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. "நான் பின்னாடி பெட்டிலயே காலை நீட்டிப் படுத்துக்கட்டுங்களா மாப்பிள்ளை? உட்கார்ந்து வர முடியாதாட்ட இருக்குது" என்றார். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம்தான். டெக்சஸில் ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்ததால் வேண்டாம் என்றேன். போலீஸ் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டுமே என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே காரணம். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை வைத்து உட்கார வைத்தோம். என் மனைவி பிள்ளைகளோடு பின்சீட்டுக்குப் போனாள்.

கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கும் வளைவு. ஒரு பாறை முகடு மறைத்துக்கொண்டிருந்த காற்று, அது முடிந்த இடத்தில் பக்கவாட்டில் வந்து அறைந்தது. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. முதல் ஆட்டம் சின்னது, இரண்டாவது பெரிது. மூன்றாவதில் இடதுபக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் முழுப் பக்கமும், ஜன்னல், மகள் ஒட்டி வைத்த சூரியகாந்தி ஸ்டிக்கர் உட்படத் தெரிந்தது. நேராகப் போகும் வண்டியில் அது தெரியவே கூடாது. நான் பிரேக்கை மிதித்தேன். செய்யக் கூடாதது அதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தும் நெம்பு ஒன்று டாஷ்போர்டில் இருக்கிறது, அதை அழுத்தியிருக்க வேண்டும். படித்திருக்கிறேன், வீடியோ பார்த்திருக்கிறேன். கால் கேட்டால்தானே? டிரெய்லர் பக்கவாட்டில் சரிந்து படுத்தது. பிக்கப்பின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோரக் கம்பித் தடுப்பில் மோதி நின்றது. பிக்கப் கவிழவில்லை. யாருக்கும் காயமில்லை. மகன் மட்டும் பத்து நிமிஷம் பேசவே இல்லை.

இறங்கிப் போனால் கேஸ் வாசனை. சிலிண்டர் வால்வை மூடாமல் வந்திருந்தேன். போகும்போது ஃபிரிட்ஜ் கேஸில் ஓடட்டும் என்று பலர் திறந்துவிட்டுத்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான். தயவுசெய்து மூடிவிட்டுக் கிளம்புங்கள். மூடிய ஃபிரிட்ஜ் சில மணி நேரம் குளிர் தாங்கும். அந்த வழியே வந்த லாரி டிரைவர் ஒருவர்தான் ஓடிப் போய் வால்வை அடைத்தார். அவருடைய போனில்தான் ஓரளவு சிக்னலும் இருந்தது. கூரையிலிருந்த ஏசி பிய்ந்து கிடந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். அத்தை அரைத்துக் கொண்டுவந்த சாம்பார்ப்பொடி எல்லாவற்றின் மேலும் திருநீறு மாதிரி படிந்திருந்தது. தலைக்கு மேலே இருந்த அலமாரி, கதவும் சாமானுமாகக் கழன்று, கட்டிலில் தலையணை இருந்த இடத்தில் குறுக்கே கிடந்தது. அத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

நெடுஞ்சாலைப் போலீஸ் வந்து, சாலையை ஒதுக்கித் தர வேண்டும் என்பதால் அவர்கள் பட்டியலில் அடுத்து இருந்த இழுவை வண்டியைக் கூப்பிட்டார்கள். இப்படி வரும்போது நமக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது, பேரம் பேசவும் இடமில்லை. கவிழ்ந்த டிரெய்லரை நிமிர்த்தத் தனிக் கருவி, அதற்குத் தனி ஆள், சிதறிய சாமானைக் கூட்டி அள்ள ஒரு கூலி, அறுபது மைலுக்கு மேல் இழுத்துப் போக மைல் கணக்கு. டிரெய்லருக்கு மட்டும் 4,260 டாலர் பில் வந்தது. என்னிடம் சாலை உதவிச் சந்தா இருக்கிறதே என்று அங்கேயே போன் போட்டேன். இரண்டு காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். என் சந்தா சாதாரண வகை, டிரெய்லரைச் சேர்க்க மேல்படிச் சந்தா எடுத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, சாலை உதவி என்பது டயர் பஞ்சர், பேட்டரி போனது, வண்டி நின்றுபோனது போன்ற கோளாறுகளுக்கு. விபத்தில் கவிழ்ந்ததை மீட்பது வேறு கணக்கு, அது டிரெய்லரின் கொலிஷன், அதாவது மோதல், கவிழ்தலுக்கான காப்பீட்டில் வர வேண்டியது. சாலை உதவிக் கார்டை வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பவர்கள், அதில் விபத்து மீட்பு உண்டா, எத்தனை மைல், எத்தனை டாலர் வரை என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல் பாசோவில் ஹோட்டல் அறை. இரவு பத்து மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விவரம் சொல்லி க்ளெய்ம் எண் வாங்கினேன். அங்கேதான் இரண்டாவது தப்பு. ஒரு க்ளெய்ம் எண் கொடுத்தார்கள், இரண்டு வண்டிக்கும் சேர்த்து என்று நானாக நினைத்துக்கொண்டேன். வாடகைக் காரில் டாலஸ் திரும்பினோம். ஐந்தாம் நாள் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடும் கம்பெனி ஆள், பிக்கப்பைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்க்க அடுத்து வருவார் என்று காத்திருந்தேன். இழுவைக்காரரின் யார்டில் டிரெய்லர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடுகிறது. அதிலும் ஒரு நுணுக்கம். டெக்சஸில் 25 அடிக்குள் இருக்கும் வண்டிக்கு ஒரு தினக்கட்டணம், அதைத் தாண்டினால் கூடுதல். என் டிரெய்லரின் மாடல் பெயரில் 22 என்றுதான் இருக்கிறது. ஆனால் யார்டுக்காரன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியிலிருந்து பின் பம்பர் வரை அளந்தான். 26 அடி. நாளொன்றுக்கு 40 டாலர் கணக்கில் ஓடியது. பதினோராம் நாள் பொறுக்காமல் நானே கூப்பிட்டபோதுதான், "டிரெய்லரா? அது உங்கள் பாலிசியில் இல்லையே சார்" என்றார்கள்.

அந்த போன் பேச்சைச் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எக்ஸ்டெண்ட் ஆகும் என்றார்களே, ஜூன் மாதம் கேட்டேனே, ரெக்கார்டிங் இருக்கும் எடுத்துப் பாருங்கள் என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தேன். அந்த ஆள் பொறுமையாக, லயபிலிட்டி நீளும், ஃபிசிக்கல் டேமேஜ் நீளாது, டிரெய்லரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னார். அத்தைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், நான் போனை வைத்ததும் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, பொட்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி மட்டுந்தான் போட்டிருந்தீங்களா?"

அவ்வளவுதான் விஷயம். பதினோரு நாள் எனக்குப் புரியாததை நாமக்கல்லில் லாரிக் கணக்குப் பார்த்தவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம் ஊரில் பைக் வைத்திருக்கும் எல்லாருக்கும் தேர்டு பார்ட்டி வேறு, ஃபுல் கவர் வேறு என்று தெரியும். இங்கே வந்ததும் லயபிலிட்டி, கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் என்று பெயர் மாறியதும், ஏதோ பெரிய இடத்துப் பாலிசி, எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பிக்கப்பில் மாட்டிய டிரெய்லர் இன்னொருவர் காரில் இடித்தால் பிக்கப்பின் லயபிலிட்டி கொடுக்கும், அது பெரும்பாலான கார் பாலிசிகளில் தானாகவே வருவது. டிரெய்லருக்கு ஆகும் சேதத்துக்கு, டிரெய்லரின் பெயரிலேயே கொலிஷனும், திருட்டு, ஆலங்கட்டி போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவும் இருந்தால்தான் உண்டு.

அன்று இரவு பாலிசியை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். லயபிலிட்டிப் பகுதியில், நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் எந்த டிரெய்லரும் காப்பீட்டுக்குட்பட்ட வண்டிதான் என்று தாராளமாக எழுதியிருக்கிறது. பத்துப் பக்கம் தாண்டி, உங்கள் வண்டிக்கு ஆகும் சேதம் என்ற பகுதியில், விலக்குகள் பட்டியலில், டெக்லரேஷன்ஸ் பக்கத்தில் காட்டப்படாத உங்கள் சொந்த டிரெய்லருக்குக் கிடையாது என்று இருக்கிறது. டெக்லரேஷன்ஸ் என்பது பாலிசியின் முதல் பக்கம். எந்தெந்த வண்டி, எவ்வளவு தொகை, எதற்கு எதற்கு என்று கட்டம் போட்டிருக்கும். என்னுடையதில் பிக்கப்பும் மனைவியின் காரும் மட்டும். இதில் இன்னொரு முள். புதிதாக வாங்கும் டிரெய்லரை 14 நாளுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் வாங்கிய நாளிலிருந்தே சேதத்துக்கும் காப்பு உண்டு என்று அதே விலக்கின் அடியில் ஒரு விதி. நான் மூன்றாம் நாளே கூப்பிட்டவன். "கவர் ஆகுமா?" என்று கேட்டதற்குப் பதிலாக "சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே போனில் கேட்பதென்றால் இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கு இந்த டிரெய்லர் தனியாகக் கவிழ்ந்து நொறுங்கினால், எனக்கு எவ்வளவு டாலர் செக் வரும்?" ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும்போது ஆலங்கட்டி மழை அடித்தால், கொக்கியில் பூட்டு இருந்தும் ஒருவன் மாட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். டாலஸில் இருப்பவர்களுக்கு ஆலங்கட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பருடைய டிரெய்லரை இரவல் வாங்கிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரவலாகப் புழங்கும் கார் பாலிசி வாசகத்தில், பிறருடைய டிரெய்லருக்கு ஆகும் சேதத்துக்கு 1,500 டாலர்தான் உச்சவரம்பு. இருபதாயிரம் டாலர் டிரெய்லரை நொறுக்கிவிட்டு 1,500 டாலரை நீட்டினால் நட்பு எங்கே இருக்கும்? டிரெய்லர்காரரின் பாலிசியில் உங்களையும் ஓட்ட அனுமதி பெற்றவராக ஏற்பார்களா என்று கிளம்பும் முன்னால் அவரையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இணையத்தில் வாடகைக்கு விடும் ஆசை இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு டிரெய்லரைக் கொடுத்தால் சாதாரணப் பாலிசிகள் பொதுவாக ஒதுங்கிக்கொள்ளும்.

உள்ளே இருந்த சாமான் வேறு கதை. லேப்டாப், சைக்கிள்கள், துணிமணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலருக்குக் கணக்கு எழுதினேன். வீட்டு இன்சூரன்ஸில் வெளியூரில் இருக்கும் நம் பொருளுக்கும் காப்பு உண்டு என்று யாரோ சொன்னார்கள். உண்டுதான், ஆனால் அதில் பட்டியலிட்ட காரணங்களால் போனால்தான். அந்த விவாதத்துக்கே நான் போகவில்லை. என் வீட்டுப் பாலிசியில் டிடக்டபிள் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 4,000 டாலர். மூவாயிரம் போனதற்கு முதல் நாலாயிரம் நம்முடையது என்றால் கேட்டு என்ன பயன்? யார்டில் போய் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். கேட்டால் அனுமதிப்பார்கள், சீக்கிரம் போவது நல்லது. இட்லிப் பானையும் ஒரு குக்கரும் முழுசாகத் திரும்பி வந்தன.

பிக்கப்பைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. என் பங்கு 1,000 டாலர் டிடக்டபிள் போக மீதி முழுவதையும் கொடுத்துச் சரிசெய்து தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து மாநில நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் இடித்த கம்பித் தடுப்பை மாற்றிய செலவு, ஆள் கூலி, சாமான் விலை என்று போல்ட் நட்டு வரை கணக்குப் போட்டு 3,100 டாலர் சொச்சம். இதுவும் தலையில் விழுந்ததா என்று நடுங்கிக்கொண்டே இன்சூரன்ஸுக்கு அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் முழுசாகக் கட்டினார்கள். லயபிலிட்டி அல்லவா! சர்க்காரின் கம்பிக்கு உண்டான காசு, நான் உழைத்து வாங்கிய வீட்டுக்கு இல்லை. நியாயமாகப் பார்த்தால் பாலிசியில் எழுதியபடிதான் நடந்தது. ஆனாலும் அந்தக் கடிதத்தை இன்னும் கிழித்துப் போட மனம் வரவில்லை.

யார்டிலிருந்து எடுக்க வேண்டாம், கொடுக்க வேண்டிய வாடகைக்கு ஈடாக டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தை, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் பின்னால் சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே பேசிப் பார்த்திருப்பேன். நான் 26 நாள் வாடகை 1,040 டாலரும் இழுவைக் கூலியும் கட்டி, உதிரிக்கு வாங்கும் ஒருவரிடம் 700 டாலருக்கு விற்றேன். ஹோட்டல், வாடகைக் கார் 1,100. எல்லாம் கூட்டிக் கழித்தால் 28,200 டாலர் நட்டம். ஒரு வருடம் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. காசைவிட, மனைவி ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு திட்டு வாங்கியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஏன் கவிழ்ந்தது என்பதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், காற்று மேல் மட்டும் பழி போட்டால் அது முழு உண்மை ஆகாது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் இறங்க வேண்டும். பின்னால் கனம் கூடினால் கொக்கியில் எடை குறைந்து, வாலாட்டம் எளிதாகிவிடும். என் டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால். போகிற இடத்தில் தண்ணீர் எப்படியோ என்று 40 கேலனையும் நிரப்பியிருந்தேன். ஒரு கேலன் 8.3 பவுண்டு, ஆக 330 பவுண்டு. பின் பம்பரில் நாலு சைக்கிள். கட்டிலுக்கு அடியில், அதுவும் பின்பக்கம்தான், அரிசி மூட்டை. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் எடை மேடை இருக்கிறது, பதினைந்து டாலர் அளவில் ஆகும், முழுக்கச் சாமான் ஏற்றிய பிறகு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் இரும்புத் தண்டு ஒன்று என்னிடம் இருந்தது. வளைவில் கிறீச்சிடுகிறது என்று மாட்டாமல் வீட்டு கராஜில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

2025 கோடையில் மறுபடி ஒன்று வாங்கினோம், சிறியது. பைத்தியம் தெளியவில்லை. இம்முறை பணம் கொடுக்கும் முன்பே தனிப் பாலிசி. வருடத்துக்கு 412 டாலர். முதலில் முடிவு செய்ய வேண்டியது, நொறுங்கினால் எந்தக் கணக்கில் தருவார்கள் என்பது. தேய்மானம் கழித்த அன்றைய மதிப்பு ஒரு வகை. முன்கூட்டியே பேசி வைத்த தொகை இன்னொரு வகை. புதிதாக வாங்கிய முதல் உரிமையாளருக்குச் சில வருடம் வரை புது வண்டியே தரும் வகையும் உண்டு. என்னுடையது பழசு என்பதால் பேசி வைத்த தொகை. அதோடு உள்ளே இருக்கும் சாமானுக்கு 3,000 வரை, விபத்து நடந்தால் தங்கும் செலவுக்கு ஒரு தொகை. கேம்ப்பில் நிறுத்திவிட்டு வீடாகப் புழங்கும்போது யாராவது நம் படியில் தடுக்கி விழுந்தால் அதற்கும் ஒரு லயபிலிட்டி சேர்த்தேன். பிக்கப்பிலிருந்து கழற்றி நிறுத்திவிட்டால் பிக்கப்பின் லயபிலிட்டியை நம்ப முடியாது என்பது அநேகம் பேருக்குத் தெரிவதில்லை. எதற்குக் கிடைக்காது என்பதையும் கேட்டு வைத்தேன். கூரை இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மரம் உளுத்தால் கிடைக்காது, எலி கடித்தால் கிடைக்காது. மழைக்கு முன்னும் பின்னும் ஏணி போட்டுக் கூரையைப் பார்ப்பது இப்போது என் வேலை. எல் பாசோ பக்கம் போகிறவர்கள் ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்குள் ஒரு சுற்றுப் போய்வர நினைத்தால், அமெரிக்கப் பாலிசியின் லயபிலிட்டி அங்கே செல்லாது, அந்த நாட்டு லயபிலிட்டி தனியாக வாங்க வேண்டும்.

புதுப் பாலிசியின் டெக்லரேஷன்ஸ் பக்கம் வந்ததும், பெருமைக்காக அதைப் படம் எடுத்து அத்தைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஃபுல் கவர் என்று கீழே எழுதி ஒரு கும்பிடும் போட்டேன். அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. "நல்லதுங்க மாப்பிள்ளை. சேசிஸ் நம்பரை வண்டில இருக்கறதோட வச்சுப் பாத்தீங்களா? உங்க மாமா காலத்துல ஒரு நம்பர் மாறிப் போயி ஆறு மாசம் அலைஞ்சோம்." பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கொக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து, 17 எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினான்காவது இடத்தில் 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 என்று அடித்திருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் ஆபீஸ் திறந்ததும் முதல் போன் என்னுடையது.